பெயர் போடாத சீட்டு

ஷஅபான் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், நோன்புக் கஞ்சிக்கு வந்த அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்த அறையில், மதரஸா நிர்வாகி முபாரக் மைதீன் கதவைத் தாழிட்டு, அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஜுவைரியாவைப் பலவந்தப்படுத்தினான். இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். நாதிரா உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். இடம், நேரம், ஆள், செய்த காரியம், எதுவும் விட்டுப்போகவில்லை, சட்டக் கல்லூரியில் நான்காம் வருஷம் படிக்கிறவளுக்கு இதுகூட வராதா என்ன. ஆனால் இந்த ஒரு மூச்சை ஜமாஅத்துக்காரர்கள் ஐம்பது நாளாக இழுத்து இழுத்து, கடைசியில் அதன் தலையைக் கொண்டுபோய் வாலில் வைத்துவிட்டார்கள். பலவந்தப்படுத்தியவன் கீழே முதல் வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பலவந்தப்பட்டவள் இங்கே மாடியில், பச்சைத் திரைக்குப் பின்னால், அவதூறு சொன்ன குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறாள். இன்றைக்கு அஸர் தொழுகைக்குள் போட வேண்டும். போடாவிட்டால் ஊர் விலக்கு. விலக்கு என்றால் கல்யாணம் எழுத தப்தர் நோட்டு வராது, மௌத்தானால் தூக்கிப்போக சந்தூக்கு வராது, பெரியம்மா செத்தால் கபருஸ்தானில் ஆறடி கிடைக்காது. நாதிராவுக்கு இடப்பக்கம் ஜுவைரியா லாத்தா, அதற்கும் இடப்பக்கம் லாத்தாவின் அம்மா, நாதிராவுக்குப் பெரியம்மா, தஸ்பீஹ் மணியை உருட்டுகிற வேகத்தைப் பார்த்தால் மணி தேய்ந்து நூல்தான் மிஞ்சும். சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தின் குரல் வந்துகொண்டிருந்தது. ஜும்ஆ முடிந்த பிறகு வாராவாரம் நடக்கிற கேள்வி மஜ்லிஸ். கீழே ஆண்கள், மேலே பெண்கள். பெண்கள் குரல் கீழே கேட்கக்கூடாது என்பதால் கேள்வியைச் சீட்டில் எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, ஜன்னல் வழியாக நைலான் கயிற்றில் இறக்கினால் பாங்கு சொல்கிற மோதினார் எடுத்துக்கொண்டுபோய் ஹஜ்ரத்திடம் கொடுப்பார். டின்னின் மூடியில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று. ஹஜ்ரத் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை வாசிப்பார், முதலில் கையில் வந்த சூட்டோடு கடகடவென்று, பிறகு நிறுத்தி நிதானமாக. இருபது வருஷமாக அப்படித்தான்.

இப்போது நகப்பூச்சு ஓடிக்கொண்டிருந்தது. நகத்தில் பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுகிற ஒளு கூடுமா கூடாதா. தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால் கூடாது, மருதாணி என்றால் பரவாயில்லை, மருதாணி நிறம், பூச்சு படலம், நிறத்துக்கும் படலத்துக்கும் வித்தியாசம் என்னவென்றால் என்று பத்து நிமிஷமாக விளக்கம். ஒரு விரல் நகத்துக்குப் பத்து நிமிஷம். பக்கத்தில் இருந்த மைமூன் மாமி முக்காட்டுக்குள் சிரித்தாள். "அடுத்து பாரு, பல்லி விழுந்த மாவு வரும். வாராவாரம் ஒருத்தி வீட்டு மாவுலயே விழுகுதே, அந்தப் பல்லிக்கு வேற போக்கிடமே கிடையாதா?" சொல்லி வாய் மூடவில்லை, ஸ்பீக்கரில் பல்லி. மூன்று வரிசை முன்னால் ஒருத்தியின் முதுகு கூசிக் குறுகியது. பெயர்தான் போடக்கூடாது, யார் சீட்டு என்று எல்லாருக்கும் தெரியும். கையெழுத்து தெரியும், மாவு தெரியும், பல்லிகூடத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குப் பெயர்தான் மரியாதை. அந்த டின்னுக்குள் நாதிராவின் சீட்டும் போயிருக்கிறது. நான்கு தடவை திருத்தி எழுதியது. "பலவந்தம் செய்யப்பட்ட பெண் முறையிட்டால், அவள் நான்கு சாட்சி கொண்டுவர வேண்டுமா? கொண்டுவராவிட்டால் அவள் அவதூறு சொன்னவள் ஆவாளா?" ஒரு ஓட்டை இல்லை. பேச்சுப் போட்டியில் இப்படி ஒரு கேள்வி வைத்தால் எதிரணி தண்ணீர் கேட்கும். ஆனால் போட்டியில் மணி அடிப்பார்கள், கேடயம் கொடுப்பார்கள், கேடயத்தை அத்தா ஷோகேஸில் வைப்பார். இங்கே அடிக்கப்போவது அஸர் பாங்கு. அவளுக்குத் தெரியாத சங்கதியா. நான்கு சாட்சி எதற்கு வந்தது? நபி காலத்தில், பாலைவனத்தில் கழுத்துமாலை தேடிப் பின்தங்கிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஊர் ஒரு மாதம் நாக்கைச் சுழற்றியபோது, அந்த நாக்குகளை அறுக்க வந்தது. ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறாயா, கண்ணால் கண்ட நான்கு பேரைக் கொண்டுவா, இல்லையென்றால் முதுகைக் காட்டு, எண்பது கசையடி. பெண்ணுக்குக் கேடயமாக வந்தது அது. இவர்கள் கேடயத்தைத் திருப்பிப் பிடித்து அவள் தலையிலேயே போடுகிறார்கள். ஃபஜ்ர் தொழ இருட்டில் போன ஒரு பெண்ணை வழியில் ஒருவன் மடக்கியபோது, அவள் வந்து சொன்னாளே, அவளிடம் நான்கு பேர் எங்கே என்று நபி கேட்டார்களா? உன்மீது குற்றமில்லை, நீ போ என்றுதான் சொன்னார்கள். நாதிரா இதை இரண்டு மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். அந்தச் சம்பவத்தில் முதலில் பிடிபட்டவன் தப்பான ஆள் என்பதை இரண்டு மேடையிலும் சொல்லவில்லை. சொன்னால் வாதம் நொண்டும். நொண்டுகிற இடத்தை விட்டுவிட்டு மற்றதை ஓடவிடுவதுதான் வாதமா. இவர்களும் அதைத்தானே செய்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும், இப்போது அதுவா. லாத்தாவின் கை பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கோரையை ஒவ்வொரு நாராக. நகத்தில் மருதாணி இல்லை, பெருநாளைக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு போன் வந்தபோது நாதிரா ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மஃரிபுக்குப் பிறகு. லாத்தா சொன்னதை முழுசாகக் கேட்டாள், கையில் கிளிப்பைப் பிடித்தபடி, மஞ்சள் கிளிப், பிறகு தான் கேட்டது எது என்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் கிளிப்தான் முதலில் கண்முன் வரும். அது நகர்ந்தால் பின்னால் அந்தக் கேள்வி நிற்கும். "யாராச்சும் பாத்தாகளா லாத்தா?" அதுதான் கேட்டாள். அழுதியா, அடிபட்டுச்சா, இப்போ எங்கே இருக்கே, பக்கத்தில் யார் இருக்கா, ஒன்றும் இல்லை. யாராவது பார்த்தார்களா. ஜமாஅத் தலைவர் கேட்பதற்கு இருபத்திரண்டு நாள் முன்னால் அவள் கேட்டுவிட்டாள். தலைவர் நான்கு பேர் கேட்டார், அவள் ஒருவர் போதும் என்றாள், பெருந்தன்மைதான். அவள் என்ன செய்வாள், படித்தது அப்படி, எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று முதுகெலும்பு நிமிர்கிறது. இரண்டாவது கேள்வி அதைவிட மோசம். "குளிச்சிட்டியா?" "குளிச்சிட்டேன்." "துணி?" "அலசிக் காயப் போட்டுட்டேன்." "ஏன் லாத்தா குளிச்சே, ஐயோ ஏன் குளிச்சே?" என்று கத்தினாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ஒன்றுமே புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல லாத்தா சொன்னாள்: "குளிக்காம எப்படிடி தொழுவேன்? அஸர் நேரம் தப்பி களா ஆகிடுமே." அந்த அறையிலிருந்து வந்தவள், மேலெல்லாம் அரிசித் தவிடு ஒட்டியிருக்க, கிணற்றடியில் நிய்யத் வைத்து, தலையோடு மூன்று தடவை தண்ணீர் ஊற்றி, ஒரு மயிர்க்கால் நனையாமல் விடக்கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒழுங்கோடு குளித்து, அஸர் தொழுதாள். ஒரு மயிர்க்கால் விடவில்லை. கோர்ட்டு கேட்கிற அத்தனையும் அந்தச் சாக்கடையில் போனது. அந்தப் பக்கச் சட்டம் நான்கு ஜோடி கண் கேட்கிறது, இந்தப் பக்கச் சட்டம் பஞ்சில் தொட்டுக் கண்ணாடிக் குப்பியில் போடக் கேட்கிறது. சுத்தமாக இருந்ததற்காக இரண்டு பக்கமும் தோற்றவள் இந்த ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இல்லை, ஒருத்தியாக இருக்கமாட்டாள். அதை நினைத்தபோது நாதிராவுக்கு மாடியில் உட்கார்ந்திருக்கிற எழுபது முதுகுகளும் ஒரேயடியாகத் தெரிந்தன. எத்தனை பேர் குளித்திருப்பார்கள். எத்தனை பேர் தொழுதுவிட்டுச் சோறு வடித்திருப்பார்கள். மைமூன் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சும்மாதான் இழுத்துவிட்டிருப்பாள். எல்லாவற்றிலும் ஏன் அதையே பார்க்கிறாய்.

மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம், புகார் கொடுத்தவள் பேச்சே சாட்சிதான், தாமதமானால் வழக்கு செத்துப்போகாது, இந்த மாதிரி வழக்குகளில் தாமதத்தை ஒத்துக்கொள்கிறார்கள் என்று நேற்று முழுக்க நாதிரா சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் லாத்தா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு கிலோ பூண்டு உரித்து முடிந்தது. "நீ சொல்றதெல்லாம் சரிதான்டி. எனக்கு ஸ்டேஷன் பயமில்லை. நான் அவதூறு சொன்னவளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். எழுபது பிள்ளைகளுக்குப் புறம் பேசாதே, பொய் சாட்சி சொல்லாதேன்னு ஓதிக்கொடுத்திருக்கேன். நாளைக்கு அல்லாட்ட போய் நிக்கும்போது அந்த லிஸ்ட்டுல என் பேர் இருந்தா?" நாதிராவுக்குக் கோபம் வந்தது. அவனுக்கு வராத பயம் இவளுக்கு ஏன் வர வேண்டும். நான் சொல்கிறேன், நீ இல்லை என்றாள். "நீ சொன்னா? நீ வக்கீலுக்குப் படிக்கிறவ. ஹஜ்ரத் சொல்லணும்." அந்த ஹஜ்ரத் ஜமாஅத் கூட்டத்தில் உட்கார்ந்துதானே இருந்தார். நான்கு சாட்சி எங்கே என்று தலைவர் கேட்டபோது தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். அவர் குடியிருக்கிற வீடு ஜமாஅத் கொடுத்த வீடு. ஆனால் ஓதினவர். ஏழு வருஷம் ஓதினவர். கேட்டால் தெரிந்ததை மறைக்கமாட்டார், மறைத்தால் மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்று அவரே எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார். அப்படித்தான் சீட்டு போனது. வராவிட்டால்? டின்னிலேயே விழுந்து கிடந்தால்? மோதினார் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தால்? மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்றது. அத்தர் வாசனைக்கு அடியில் எங்கேயோ வியர்வை வாசனை, அதற்கும் அடியில் கீழே அரிசி அறையிலிருந்து சாக்கு வாசனை, அல்லது அது இவளாக நினைத்துக்கொள்வது, அந்த அறை இந்த ஹாலின் பின்மூலைக்கு நேர் கீழே இருக்கிறது. லாத்தாவுக்கும் அது அடிக்குமா.

"அடுத்த சீட்டு" என்றார் ஹஜ்ரத். கடகடவென்று வாசித்தார். பலவந்தம் என்ற சொல் வந்ததும் குரல் ஒரு படி தடுக்கியது, ஆனால் வாசித்து முடித்தார். இரண்டாவது தடவை நிதானமாக. மாடியில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபது பேர் திரும்பாமல் இருப்பது எழுபது பேர் திரும்பிப் பார்ப்பதைவிடக் கனமாக இருந்தது. பெரியம்மாவின் தஸ்பீஹ் நின்றது. ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். "நல்ல கேள்வி. சட்டம் தெரிஞ்ச யாரோ கேட்டிருக்காக. பதிலைக் கவனமாக் கேளுங்க. விபச்சாரத்துக்கு உண்டான அந்தத் தண்டனையை நிறைவேத்தத்தான் நாலு சாட்சி நிபந்தனை. பலவந்தப்பட்ட பெண் விபச்சாரம் செஞ்சவ இல்லை. அவ மேல தண்டனையும் இல்லை, பாவமும் இல்லை. தனக்கு அநியாயம் நடந்துச்சுன்னு முறையிடுறவ வேற, அடுத்தவனைப் பழி சொல்லித் திரியிறவ வேற. அவ பேச்சு, அவ நிலைமை, மத்த அடையாளங்கள், இதையெல்லாம் விசாரிச்சு நீதி செய்றது பொறுப்புல இருக்கவுக கடமை. இமாம்கள்ட்ட இதுல நுணுக்கமான கருத்து வேறுபாடு உண்டு. ஆனா நாலு பேரைக் கொண்டான்னு அவளை விரட்டுறது அறிவில்லாத பேச்சு." நாதிராவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. சொல்லிவிட்டார். அறிவில்லாத பேச்சு. தலைவர் காதில் விழுந்திருக்கும், முதல் வரிசைத் தொப்பிக்குக் கீழேயும் விழுந்திருக்கும். லாத்தாவின் விரல் கோரையை விட்டது. ஐம்பது நாளில் முதல் தடவையாக லாத்தா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கீழே யாரோ இருமினார்கள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. மைக்கைக் கையால் பொத்திய கரகரப்பு, யாரோ ஏதோ சொன்னார்கள். கை விலகியதும் ஹஜ்ரத்தின் குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். இது பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில். குறிப்பிட்ட யாரைப் பத்தியும் இல்லை. நம்ம ஊர் விஷயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. மஜ்லிஸ் நிறைவடையுது."

யாரையும் பற்றி இல்லை. அப்படியென்றால் அந்தப் பலவந்தப்பட்ட பெண் யார், எந்த ஊர்க்காரி, அவளுக்கு மட்டும் நீதி எங்கே வைத்திருக்கிறார்கள், போய் வாங்கி வரலாமா. இவள் கேள்விதான் அப்படி. ஓட்டையே இல்லாமல் எழுதினாள், ஒரு ஆளும் நுழைய முடியாதபடி. லாத்தாவும் நுழைய முடியவில்லை. படியேறி வந்தாள் நூரிய்யா ஆலிமா, பெண்கள் பகுதிப் பொறுப்பாளி, கையில் ஜமாஅத்தின் நீளமான நோட்டு. "ஜுவைரியா, இங்கே போடும்மா. சாட்சியும் போடணுமாம். திரைக்கு இந்தப் பக்கம் ஆம்பளைங்க வர முடியாதுல்ல, அதனால பொம்பளைங்களே போடலாம்னு செக்ரட்டரி சொல்லிட்டாக. ரெண்டு ஆம்பளை சாட்சிக்குப் பதிலா நாலு பொம்பளை." நாலு. நாதிராவுக்குச் சிரிப்பு வந்தது. தேடித் தேடிக் கிடைக்காத நாலு இதோ கிடைத்துவிட்டது. மைமூன் மாமி, முன்வரிசைப் பல்லிக்காரி, ஆலிமா தானே ஒன்று, பிறகு நாதிராவைப் பார்த்தாள். "நீ படிச்ச பிள்ளை, நாலாவது நீ போடு." லாத்தா கையெழுத்துப் போடுவதைப் பார்க்க நாலு பேர் வேண்டும். அந்த அறையில் அவளுக்கு நடந்ததை நாலு பேர் நின்று பார்த்திருந்தால், பார்த்துக்கொண்டே நின்றிருந்தால், அந்த நாலு பேரையும் இவர்கள் நல்லவர்கள் என்று சாட்சிக்கு ஏற்றுக்கொண்டிருப்பார்கள். கத்த வேண்டும்போல இருந்தது. வாதம் அத்தனையும் நாக்கில் வரிசையாக வந்து நின்றது, மேற்கோளோடு, எண்ணோடு. அதற்குள் லாத்தா பேசிவிட்டாள். "பேனா குடு."

பெரியம்மா "போட்டுடும்மா, போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள். லாத்தா நோட்டைத் தொடவில்லை. டின்னுக்குப் பக்கத்தில் கிடந்த வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து, பிள்ளைகளுக்கு எழுதிப்போடுகிற குண்டு எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். முதலில் எழுதியது தன் பெயர். பெரியம்மா எட்டிப் பார்த்துக் கையைப் பிடித்தாள். "அடியே, பேர் எழுதாதே. பேர் எழுதாதேடி. மூடியிலேயே போட்டுருக்குல்ல." "தெரியும்மா. நான்தான் பெயின்ட் வாங்கி எழுதினேன்." எழுதி முடித்துவிட்டு லாத்தா பேனாவை மூடாமல் நாதிரா பக்கம் நீட்டினாள். போனில் அன்றைக்குக் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்ததே, அதே சத்தமில்லாமை. ஐம்பது நாளாக அந்த இடம் காலியாகவே இருந்திருக்கிறது. நாதிரா வாங்கினாள். என்ன எழுதுவது, ஓட்டை இல்லாமல் என்ன எழுதுவது என்று கை ஒரு கணம் பழக்கதோஷத்தில் தயங்கியது. பிறகு எழுதினாள்: சாட்சி, நாதிரா. நான் பார்க்கவில்லை. நம்புகிறேன். எந்தக் கோர்ட்டிலும் நிற்காத சாட்சியம், முதல் குறுக்கு விசாரணையில் விழுந்துவிடும். லாத்தா அதை ஒரு தடவை வாசித்தாள். வாசித்துவிட்டுப் பர்தாவை எடுத்து மாட்டினாள், பொத்தானைப் போட்டாள், கைப்பையைத் தோளில் போட்டாள். "உனக்கும்தான்னு ஹஜ்ரத் வாயால சொன்னாகன்னா இங்கேயே உக்காந்து இந்த நோட்டைக் கிழிக்கலாம். சொல்லாட்டி நாலு பத்துக்கு மகளிர் ஸ்டேஷனுக்கு பஸ்." சீட்டை நோட்டுக்குள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள். நோட்டு டின்னுக்குள் முழுசாகப் போகவில்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து கயிற்றில் இறங்கியது. ஆலிமா தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை, ஜன்னலோரம் போய்க் கயிறு சிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை. கீழே நோட்டு விரிகிற சத்தம், "போட்டாச்சா?" என்று செக்ரட்டரி கேட்கிற சத்தம், தாள் சரசரக்கிற சத்தம். பிறகு ஹஜ்ரத், கையில் சீட்டு வந்தால் வாய் திறக்கிற இருபது வருஷப் பழக்கத்தில், மைக்கில் கடகடவென்று வாசித்தார்: "அப்துல் வதூது மகள் ஜுவைரியா கேட்கிறேன். கஞ்சி அரிசி அறையில் முபாரக் மைதீன் எனக்குச் செய்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் இப்போது சொன்ன பதில் எனக்கும் உண்டா?" சாட்சி என்ற சொல்லும் வந்தது, நாதிரா என்ற பெயரும் வந்தது, நம்புகிறேன் என்று ஹஜ்ரத்தின் குரல் சொன்னது, சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், குரல் அங்கே அறுந்தது. ஊர் முழுக்க அந்தக் குரலில் கேட்டாயிற்று. இரண்டாவது வாசிப்பு வரவில்லை. மின்விசிறி டிக், டிக். மைக்கை யாரும் பொத்தவில்லை, பொத்தவும் தோன்றவில்லை போல. மாடியில் இப்போது எழுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள், மைமூன் மாமி முக்காட்டை விலக்கிவிட்டே பார்த்தாள். லாத்தா யாரையும் பார்க்கவில்லை, ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை அடுத்த வரியைச் சொல்வதற்காகக் காத்திருக்கிறவளின் பொறுமையோடு. சொல்லிவிடுவார் என்று நாதிரா நினைத்தாள், தெரிந்தவர், சொல்லிவிடுவார், ஒரு சொல்தானே, உண்டு, இரண்டே அசை, பெருமூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. அஸர் பாங்குக்காக மோதினார் தொண்டையைச் சரிசெய்வது தூரத்தில் கேட்டது. ஹஜ்ரத் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். குரல் தாழ்ந்து, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்பதுபோல வந்தது.

"பேர் போட்ட சீட்டுக்குப் பதில் சொல்ற வழக்கம் நம்ம மஜ்லிஸ்ல இல்லை."